தரையில் எழுதிய பெயர்கள்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றின் தரையில் பெரிய வரைபடம் ஒன்று விரிந்து கிடக்கிறது. தெருக்களும் சந்துகளும் பெயரோடு இருக்கின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் வந்து, மண்டியிட்டு, தங்கள் தெருவைத் தேடிப்பிடித்து, வீடு இருந்த இடத்தில் குடும்பப் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வீடு இன்று இல்லை, தெருவும் இல்லை.

இதுதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டுமானது என அறிவித்தது. கலப்பினத்தவர், மலாய் வழிவந்த முஸ்லிம்கள், ஆப்பிரிக்கர், இந்தியர் என 60,000 பேருக்கும் மேல், அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கிருந்து கிளப்பப்பட்டு, நகரத்துக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளியில் கொண்டுபோய் விடப்பட்டனர். வழிபாட்டு இடங்கள் சிலவற்றை விட்டுவிட்டு, மற்றதில் பெரும்பாலானவற்றைப் புல்டோசர் தரைமட்டமாக்கியது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994-இன் டிசம்பரில், சில வாரக் கண்காட்சியாகத்தான் இது தொடங்கியது. மக்கள் வந்துகொண்டே இருந்ததால் நிலைத்துவிட்டது.

அருங்காட்சியகங்கள் ஊர்மக்களைப் பொதுக்காரியங்களில் ஈடுபடுத்த வேண்டும் என்று இன்று பல நாடுகளிலும் பேசுகிறார்கள். பெரும்பாலும் அது ஓர் ஓவியப்போட்டி, ஒரு சொற்பொழிவு, சில புகைப்படங்களோடு முடிந்துபோகிறது. இங்கே அப்படி முடியாததற்குக் காரணம், பேனாவை மக்கள் கையில் கொடுத்ததுதான். தரை வரைபடம் மட்டுமல்ல, நீளமான துணி ஒன்றும் உண்டு. வருகிறவர்கள் அதில் பெயரையோ ஒரு வரியையோ எழுதுவார்கள். பிறகு அந்தக் கையெழுத்தின் மேலேயே ஊசிநூலால் தைத்து நிலைநிறுத்துவார்கள். நடுவே தொங்கும் தெருப் பெயர்ப்பலகைகளும் மக்களிடமிருந்து வந்தவையே. இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் அவற்றை எறிந்துவிட மனமின்றிப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்தி, கடைசியில் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

நினைவு அங்கே உரிமைக் கோரிக்கையாகவும் மாறியது. 1994-இன் நில மீட்புச் சட்டப்படி, பறிபோன நிலத்துக்கு 1998 இறுதிக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் மனுதாரர்கள் கூடிப்பேசிய இடம் இந்தத் தேவாலயம்தான். 1997-இல் நிலக் கோரிக்கை நீதிமன்றத்தின் அமர்வே இங்கு நடந்தது. மனுதாரர்கள் இழந்த தெருக்களின் வரைபடம் விரிந்த கூடத்தில் நீதிமன்றம் கூடியதை, ஓர் அருங்காட்சியகம் குடிமக்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பணியாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நினைவைச் சொல்ல ஆள் உள்ள இடத்தில்தான் இந்த முறை பலிக்கும். 1901-இல் பிளேக் பரவியபோதே ஆப்பிரிக்கர் பலர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டு ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டனர். 1994-இல் வந்து மண்டியிட்டுப் பெயர் எழுத அவர்களில் யார் இருந்தார்கள்? அருங்காட்சியகம் அந்த வெளியேற்றத்தை மறைக்கவில்லை. ஆனாலும் வரைபடத்தில் கூட்டமாக நிற்பவை 1966-க்குப் பிறகு இழந்தவர்களின் பெயர்களே. ஏக்கம் செய்யும் வேலையும் உண்டு. எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகளாக வாழ்ந்தோம் என்று சொல்லச் சொல்ல, அங்கிருந்த நெரிசலும் வறுமையும் ரவுடிக் கும்பல்களும் மங்கிப்போகின்றன.

பணத்துக்குப் பெருமளவு சுற்றுலாப் பயணிகளையே நம்பியிருந்ததால், 2020-இல் கொரோனா வந்தபோது அருங்காட்சியகம் நன்கொடை கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நிலம். 2004-இல் முதன்முதலாகத் திரும்பிவந்த முதியவர்கள் இருவருக்கு நெல்சன் மண்டேலா வீட்டுச்சாவி கொடுத்தார். அதன் பிறகு வீடு கட்டித்தரும் வேலை நத்தையாக நகர்ந்தது. 2019-இல் நிலக் கோரிக்கை நீதிமன்றம் அதற்குப் பொறுப்பான அமைச்சரைக் கண்டிக்கும் அளவுக்குப் போனது. அந்த வழக்கைத் தொடுத்தது அருங்காட்சியகம் அல்ல; டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் செயற்குழு என்ற தனி அமைப்பு. மக்களைத் திரட்டவும் அவர்கள் சொல்லுக்குச் சாட்சியாக நிற்கவும் அருங்காட்சியகத்தால் முடிந்தது. அரசை அசைக்க வழக்கறிஞரும் சங்கமும் தேவைப்பட்டன. இதை அருங்காட்சியகத்தின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். வரைபடத்தில் பெயர் எழுதிவிட்டதாலேயே நியாயம் கிடைத்துவிட்டது என்று நம்புவதுதான் தவறு.

பெயர் எழுதியவர்களில் பலர் வீடு திரும்பாமலே இறந்துபோனார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் பல இடங்களில் இன்னும் புல்தான் வளர்ந்து நிற்கிறது.