குரலைக் கெடுத்தது எந்த ஊசி?

பெரிய மார்க்கெட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்தவர் நாலு நாள் விலையை விரலில்தான் காட்டினார். "உடம்பை அசையவிடாம பண்ற ஊசி போட்டாங்களாம் தம்பி. அதான் தொண்டை போயிடுச்சு. அடுத்த மாசம் பொண்ணுக்கு ஆபரேஷன், அந்த ஊசி வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றார். அந்தச் சந்தை இரைச்சலில் குரல்தான் அவருக்கு முதலீடு. பயம் நியாயமானது. ஆனால் முடிவு சரியா?

அவர் சொல்வது தசைத் தளர்த்தி. மயக்கம் தருவது வேறு மருந்து. இது நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை மட்டும் தடுக்கும். 1942ல் மாண்ட்ரியலில் ஹரோல்ட் கிரிஃபித் க்யூராரேவை ஆபரேஷனில் பயன்படுத்தியது முதல் இந்த வகை மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தது ஜெர்மனியில் தாமஸ் மென்கே குழு. 'அனஸ்தீசியாலஜி' இதழில் 2003ல் வெளியானது. எல்லோருக்கும் ப்ரொபோஃபால், ஃபென்டனில். பிறகு ஒரு பாதிக்கு அட்ராக்யூரியம், மறுபாதிக்கு வெறும் உப்பு நீர். குரல் கம்மியது தளர்த்தி பெற்றவர்களில் 16%, பெறாதவர்களில் 44%. குரல்நாண் காயம் 8%, 42%. அதாவது ஊசி போடாதவர்களுக்குத்தான் அதிகச் சேதம்! தளராத குரல்நாண் சரியாகத் திறக்காது. குழாய் உரசும், இருமல் வரும்.

இந்த ஆய்வின் பலம், குரல்நாணை நேரில் பார்த்துச் சோதித்தது. ஆனால் குறைகளும் உண்டு. மொத்தமே 73 பேர். வலிமருந்தின் அளவைக் கூட்டியிருந்தால் உப்பு நீர்க் குழு இவ்வளவு மோசமாக இருந்திருக்குமா என்பதற்கு இதில் பதில் இல்லை. குரல் கம்முவதும் தொண்டை வலியும் ஒன்றல்ல. குழாயின் பருமன், அதன் நுனிப் பலூனில் உள்ள காற்றழுத்தம் என்று வலிக்குத் தனிக் காரணங்கள் உண்டு. முக்கியமாக, இந்த ஆய்வு குழாய் உள்ளே போகும் நேரத்தைப் பற்றியது. ஆபரேஷன் முடிந்தும் மருந்தின் மிச்சம் உடம்பில் இருந்தால் விழுங்கும் தசைகள் தடுமாறும். அது வேறு கணக்கு. தளர்த்தியின் மேல் பழி சொல்ல இடம் இருப்பது அங்கேதான்.

அதனால் அக்காவிடம் சொன்னேன்: "ஊசி வேணாம்னு சொல்லாதீங்க. பலூன் அழுத்தம் அளப்பீங்களா, முடிஞ்சதும் மருந்து முழுசா இறங்கிடுச்சான்னு கருவி வச்சுப் பார்ப்பீங்களான்னு மயக்க டாக்டர்கிட்ட கேளுங்க. உங்க குரல் இன்னும் ஒரு வாரத்துல சரியாகலன்னா தொண்டை டாக்டரைப் பாருங்க."

"இதையெல்லாம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். ஆய்வுக் கட்டுரையில் இல்லாத விமர்சனம் அது.