செனகலிலிருந்து தொடங்குங்கள்

ஆப்பிரிக்கச் செய்தி என்றால் நம் பத்திரிகைகளில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு, ஒரு பஞ்சம், நடுவில் ஒரு சிங்கம். 54 நாடுகளை ஒரே பத்தியில் அடைத்தால் வேறெப்படி இருக்கும்? புதுச்சேரியின் சேதராப்பட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்திகளை ரசித்துப் படிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் கண்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு நாட்டைப் பிடியுங்கள். அதன் கால்பந்து, தேர்தல், செல்போன் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு நான் கைகாட்டுவது செனகல்.

உறவு பழசு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி, ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறி செனகல் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆற்றங்கரைச் சந்தைகளில் அது உடுப்பு மட்டுமல்ல, காசும்கூட. வேலம்பிசின் விற்க வந்த பாலைவன வணிகர்கள் இத்தனை துணி என்றுதான் விலை பேசினார்கள். ஐரோப்பாவில் நெய்த நகலை அவர்கள் லேசில் ஏற்கவில்லை. பிறகு 1951இல் தொடங்கி சில ஆண்டுகள், நம் எதுவார் குபேர் உறுப்பினராக இருந்த பாரிஸ் நாடாளுமன்றத்தில் செனகலின் லெயோபோல் செங்கோரும் இருந்தார். பின்னாளில் ஒருவர் புதுச்சேரியின் முதல்வர், மற்றவர் செனகலின் முதல் குடியரசுத் தலைவர்.

நுழைய சுலபமான வாசல் கால்பந்துதான். 2002 மே 31, சியோல். உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். நடப்புச் சாம்பியன் பிரான்சும், முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்த செனகலும். இடது ஓரமாக எல் ஹாஜி தியூஃப் வெட்டிக்கொண்டு போய் உள்ளே அனுப்பிய பந்து, கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்புகிறது. தரையில் விழுந்த நிலையிலேயே பாப்பா பூபா தியோப் அதை வலைக்குள் தள்ளுகிறார். சட்டையைக் கழற்றித் தரையில் விரித்து, அதைச் சுற்றி எல்லோரும் ஆடுகிறார்கள். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது.

இணையத்தில் அந்தப் பதிவைப் பார்க்கும்போது கோலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆட்டக்காரர்களின் ஊர்களையும் பாருங்கள். செனகல் அணியில் ஏறக்குறைய எல்லோரும் பிரெஞ்சு கிளப்களில் பிழைத்தவர்கள். எதிரே பிரான்சின் நடுக்களத்தைத் தாங்கி நின்ற பத்ரிக் வியேரா பிறந்ததே டக்காரில். பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளம், பேரன் பாரிஸ், ஜூலை 14 வந்தால் நெஞ்சில் மெடல் என்று சொல்தா வீடுகள் உள்ள தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு நாட்டுச் சிக்கலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 2022 பிப்ரவரி 6இல் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். தொடக்கத்திலேயே பெனால்டியைக் கோட்டைவிட்ட சாதியோ மானே, கடைசியில் எகிப்துக்கு எதிரான பெனால்டி சுற்றில் வெற்றி கோலை அடித்தார். செனகலுக்கு அதுதான் முதல் கோப்பை. மறுநாள் நாடு முழுக்க விடுமுறை. ஒரு எச்சரிக்கை: டக்கார் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 8 மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு ஒன்றரை. தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் இல்லாதவர்கள் காலையில் ஹைலைட்ஸ் பார்த்தால் பாவமில்லை.

அரசியலைத் தேதி வரிசையில் படித்தால்தான் ருசி. 2024 பிப்ரவரி 3: அம்மாதம் நடக்க வேண்டிய தேர்தலைத் தள்ளிவைக்கிறார் குடியரசுத் தலைவர் மக்கி சால். தெருவில் கொந்தளிப்பு. பிப்ரவரி 15: தள்ளிவைத்தது செல்லாது என்கிறது அரசியல் சாசன மன்றம். மார்ச் 14: எதிர்க்கட்சித் தலைவர் உஸ்மான் சோன்கோவும் அவர் ஆதரித்த வேட்பாளர் பசிரு ஜோமாய் ஃபாயும் சிறையிலிருந்து வெளியே வருகிறார்கள். மார்ச் 24: வாக்குப்பதிவு. பத்தே நாளுக்கு முன்புவரை சிறையில் இருந்த ஃபாய் முதல் சுற்றிலேயே ஜெயிக்கிறார். பக்கத்து மாலியில் 2020இல் ராணுவம் வந்து ஆட்சியை மாற்றியது. இங்கே வாக்குச்சீட்டு மாற்றியது. ‘ஆப்பிரிக்க அரசியல்’ என்று மொத்தமாகப் பேசுகிறவர்களை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

இந்தக் கதையின் நடுவில்தான் செல்போன் வருகிறது. போராட்டத்தை அடக்க 2024 பிப்ரவரி 5 அன்று அரசு மொபைல் இணையத்தைத் துண்டித்தது. அது ஏன் பெரிய அடி என்று புரிய, ‘வேவ்’ என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் டீக்கடையில் பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் பெட்டிக்குப் பின்னால் வங்கிக் கணக்கு இருக்கிறது. யுபிஐ வங்கியிலிருந்து வங்கிக்குப் போகிறது. அங்கே பலருக்கு வங்கியே கிடையாது. தெருமுனைக் கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் போன் கணக்கில் ஏறும். வேண்டும்போது அவரிடமே எடுத்துக்கொள்ளலாம். கென்யாவில் 2007இல் எம்-பெசா காட்டிய வழி இது. ‘வேவ்’ வந்து, போடவும் எடுக்கவும் இலவசம், அனுப்ப 1% மட்டும் என்று அறிவித்ததும் பழைய நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு க்யூஆர் அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். இணையம் போனால் இந்தப் பணப்பரிமாற்றமும் முடங்கும்; அடி பெரிதானது அதனால்தான்.

வீட்டில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் இருந்தால் ஆர்.எஃப்.ஐ வானொலியின் ஆப்பிரிக்கச் செய்திகளைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கில நிறுவனங்கள் கலவரத்துக்கு மட்டும் எட்டிப்பார்க்கும் இடங்களில் இவர்களுக்கு அன்றாடச் செய்தி இருக்கும். பிரான்ஸ் பற்றிய செய்தியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். அது பிரெஞ்சு அரசுப் பணத்தில் நடக்கும் வானொலி.

செனகல் கைவந்ததும் முந்திரிப் பாதையில் கிளம்பலாம். பண்ருட்டியில் உடைபடும் கொட்டையில் நிறைய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. உலகிலேயே அதிகம் விளைவிப்பது ஐவரி கோஸ்ட். சீசன் தொடங்கும்போது அந்த அரசு அறிவிக்கும் கொள்முதல் விலை இங்குள்ள ஆலைக்காரர்களுக்குத் தலைப்புச் செய்தி. உடைக்கும் வேலை தங்கள் ஊரிலேயே நடக்கட்டும் என்று பெனின் 2024இல் பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அந்தச் செய்தியைப் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் யாரிடமாவது படித்துக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.