சூட்டைச் சொல்லும் மீட்டர்

டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் ஆசைப்பட்டு மாட்டுவது, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரைத்தான். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஊசி துள்ளும். பக்கத்து சீட்டில் இருப்பவர் அது என்னவென்று கேட்பார். எக்ஸாஸ்ட் புகையின் வெப்பநிலையைக் காட்டும் இ.ஜி.டி. மீட்டர் அப்படி வேடிக்கை எதுவும் காட்டாது. நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். அதைப் பொருத்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓட்டை வேறு போட்டாக வேண்டும். அதனால் பலரும் பூஸ்ட் மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிச் சக்தி கூட்டிய, டீசல் வண்டிக்கு இது தலைகீழ் வரிசை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இ.ஜி.டி.யை வாங்குங்கள்.

நான் இரண்டையும் பொருத்தியது பி.எஸ்.4 காலத்து மஹிந்திரா ஸ்கார்ப்பியோவில். 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின், கம்பெனிக் கணக்கில் 120 குதிரைத்திறன்; ரீமேப்புக்குப் பிறகு அதைவிடக் கணிசமாகக் கூடுதல். பானட்டில் மூக்கு வைத்து, எஞ்சின் தலைக்கு மேலேயே இன்டர்கூலரை உட்காரவைத்த வண்டி. கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஆளும் சாமானுமாக அடிக்கடி மலை ஏறுகிறவனுக்கு, உள்ளே எவ்வளவு சூடு என்று தெரியாமல் ஓட்டுவது உறுத்தலாகவே இருந்தது. டேஷ்போர்டில் கம்பெனி கொடுத்த வெப்பமானி கூலன்ட் தண்ணீரின் சூட்டை மட்டும்தான் சொல்லும். டர்போ பழுக்கக் காய்ச்சிய இரும்பாகச் சிவந்து நிற்கும்போதும் அந்த முள் நடுவிலேயே நிற்கும்.

எஞ்சின் கோளாறுகளைப் படிப்பதற்கான ஓ.பி.டி. சாக்கெட்டில் சில நூறு ரூபாய் ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, போனில் டார்க் செயலியைத் திறந்தால் போதாதா? ரீமேப் செய்யாத வண்டிக்குப் போதும், தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. இன்டேக் அழுத்தத்துக்கான வழக்கமான ஓ.பி.டி. எண் ஒரே பைட்டில் வருகிறது. 255 கிலோபாஸ்கலோடு அது நின்றுவிடும். அதில் வெளிக்காற்றின் பங்கு 100 போனால் மிஞ்சுவது சுமார் 1.55 பார் பூஸ்ட். அதற்கு மேல் டர்போ எவ்வளவு தள்ளினாலும் போனில் அதே எண்தான் நிற்கும். இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. இந்த வண்டியின் எக்ஸாஸ்டில் வெப்ப சென்சாரே கிடையாது. இல்லாததை எந்தச் செயலியாலும் படிக்க முடியாது.

பூஸ்ட் மீட்டர் பொருத்துவது அரை நாள் வேலைகூட இல்லை. இன்டர்கூலரைத் தாண்டி இன்டேக்குக்குப் போகும் வழியில் ஒரு நிப்பிள், அதிலிருந்து சிலிக்கான் டியூப், டியூபின் நுனியில் சென்சார், அங்கிருந்து மீட்டருக்கு ஒயர். வாங்கும்போது கவனிக்க வேண்டியது டயலின் அளவுகோலைத்தான். கடைகளில் அதிகம் கிடைப்பவை பெட்ரோல் வண்டியை மனதில் வைத்துச் செய்தவை. மைனஸ் 1 பாரில் தொடங்கும். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடும்போது இன்டேக்கில் வெற்றிடம் உண்டாகும் என்பதால் அங்கே அது தேவை. டீசலில் அந்தப் பக்கம் ஊசிக்கு அநேகமாக வேலையே இல்லை. மைனஸ் 1 முதல் 2 வரை உள்ள டயலில் மூன்றில் ஒரு பங்கு வீண். பூஜ்யத்தில் தொடங்கி 2 அல்லது 2.5 பார் வரை போகும் மீட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

இ.ஜி.டி. அப்படியல்ல. டர்போவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதிலேயே பட்டறைக்குப் பட்டறை சண்டை. பின்னால் வைத்தால் வேலை சுலபம். புகைக்குள் நீட்டி நின்று சூட்டை அளக்கும் புரோபின் நுனி ஒருநாள் முறிந்தாலும் டர்பைன் விசிறியில் போய் விழாது. ஆனால் புகை டர்பைனைச் சுற்றிவிடும்போதே தன் சூட்டில் ஒரு பகுதியை அங்கே செலவழித்துவிடுகிறது. முழு மிதியில் முன்னுக்கும் பின்னுக்கும் 100, 200 டிகிரி, சில சமயம் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் நிலையாகவும் இருக்காது. பிஸ்டனும் டர்பைனும் படும் பாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் மீட்டர் என்றால், நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்று சேர்ந்து டர்போவுக்குள் நுழையும் வாயில்தான் சரியான இடம். நான் அங்கேதான் வைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கற வண்டியில ஓட்டை போடச் சொல்றீங்க?" என்றார் மெக்கானிக். மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஓட்டை போடுவது கஷ்டமில்லை. போடும்போது உதிரும் தூள்தான் ஆபத்து. ஒரு துணுக்கு டர்பைனுக்குள் போனாலும் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் விசிறிக்கு அது போதும். மேனிஃபோல்டைக் கழற்றாமலே, ட்ரில் முனையில் கிரீஸ் தடவி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, புகையே தூளை வெளியே ஊதித் தள்ளும்படி செய்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மெக்கானிக் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மேனிஃபோல்டைக் கழற்றி, கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். எட்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டை, அதில் எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. மரை. இந்த மரை உள்ளே போகப் போகக் குறுகும் வகை என்பதால் தானாகவே இறுகி அடைத்துக்கொள்ளும். டெஃப்லான் டேப் சுற்றினால் அந்தச் சூட்டில் கருகிப் போகும். சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசையைக் கொஞ்சம் தடவினால், நாளைக்குப் புரோபை மாற்றும்போது மரை பிடித்துக்கொள்ளாது. நுனி குழாயின் நடுவில் நிற்கும்படி ஆழம் பார்த்து முடுக்கினோம். சுவரை ஒட்டி நின்றால் மீட்டர் குறைத்துக் காட்டும்.

ஒயரிங்கில்தான் வழக்கமான எலக்ட்ரீஷியன் தடுமாறுவார். புரோப் என்பது கே வகை தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கலவைக் கம்பிகள் ஒட்டும் இடத்தில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் உண்டாகும். மீட்டர் அதை அளந்து வெப்பநிலையாகக் காட்டுகிறது. ஒயர் எட்டவில்லை என்று நடுவில் சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டவைத்தால் அந்த ஒட்டும் ஒரு வெப்பமானியாகிவிடும். எஞ்சின் அறைச் சூட்டுக்கு ஏற்ப எண் தவறும். நீட்ட வேண்டுமானால் கே வகைக்கான ஒயரே வேண்டும். இன்னொன்று, அமெரிக்க நிற முறைப்படி வரும் புரோபில் மஞ்சள்தான் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். வாழ்நாள் முழுக்கச் சிவப்பை பாசிட்டிவில் கொடுத்துப் பழகிய கை அங்கேதான் போகும். மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் சூடேறச் சூடேற ஊசி கீழே போகும்.

மீட்டர்களை எங்கே வைப்பது? பார்க்க அழகான இடம் கண்ணாடி ஓரத் தூண். உங்கள் வண்டியில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பை விரியும் வழியில் உட்கார்ந்திருக்கும் மீட்டர் நேராக உங்கள் முகத்துக்கு வரும். எனக்கு டேஷ்போர்டின் மேல் ஓரத்தில் 52 மில்லிமீட்டர் கிண்ணங்கள் இரண்டு போதுமாக இருந்தன. இரவில் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இல்லாத மீட்டரை வாங்காதீர்கள். நீல விளக்கு கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வரும் லாரியை மறைக்கிறது. விலையைப் பொறுத்தவரை, ஜப்பான் டெஃபி மாதிரியானவை இங்கே வந்து சேரும்போது ஒரு மீட்டருக்கே பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். பூஸ்ட் மீட்டரில் மலிவாகப் போகலாம். இ.ஜி.டி. புரோபில் மட்டும் காசு பார்க்காதீர்கள். முறிந்து டர்போவுக்குள் விழக்கூடியது அதுதான்.

இனி ஓட்டம். அவிநாசி நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் இ.ஜி.டி. 300, 350-ஐச் சுற்றியே இருந்தது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில்தான் மீட்டர் பேசத் தொடங்கியது. வளைவிலிருந்து வெளியே வந்து மூன்றாம் கியரிலேயே குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால் ஊசி 600-ஐத் தாண்டி 680 வரை போனது. எஞ்சின் சத்தம் அடக்கமாகவே இருந்தது. கஷ்டப்படுகிறது என்று காதுக்குத் தெரியவே தெரியாது. அதே ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினேன். எஞ்சின் கத்தியது, ஊசியோ கிட்டத்தட்ட 100 டிகிரி இறங்கியது. காரணம் எளிது: டீசலில் காற்றோடு ஒப்பிட எண்ணெய் கூடினால்தான் சூடு ஏறும். சுற்று கூடினால் டர்போ கூடுதல் காற்றைத் தள்ளும். அதே வேலைக்கு ஒவ்வொரு வெடிப்புக்கும் குறைந்த எண்ணெய் போதும். பெட்ரோல் டர்போவில் கணக்கே வேறு. அங்கே எண்ணெய் குறைந்தால்தான் சூடு ஏறும், 900 டிகிரியைக்கூட அந்த எஞ்சின்கள் எதிர்பார்த்தே செய்யப்படுகின்றன. டீசலில் நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு முன் 700-ஐ ஒட்டியே ஓடவிடக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. பிஸ்டன் அலுமினியக் கலவை; சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் பிழைத்திருப்பது, தீயின் உச்சம் நொடியின் சிறு துளியே நீடிப்பதாலும் அடியிலிருந்து ஆயில் பீச்சிக் குளிரவைப்பதாலும்தான்.

பூஸ்ட் மீட்டரையும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. அது தன் சம்பளத்தைச் சம்பாதித்தது ஊட்டிக்குப் போன ஒரு மழைக்காலத்தில். வழக்கமாக 1.3-ஐத் தொடும் ஊசி 0.9-க்கு மேல் வர மறுத்தது. அதே நேரம் இ.ஜி.டி. வழக்கத்தைவிட 60 டிகிரி மேலே. புகை கொஞ்சம் கருத்திருந்தது, அவ்வளவுதான். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. காற்று குறைந்து சூடு கூடினால் எங்கோ கசிவு. இன்டர்கூலர் ஹோஸின் மடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், சுற்றிலும் ஆயில் பூத்த கறை. மீட்டர் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் டர்போ போய்விட்டது என்று நினைத்துப் பெரிய செலவில் இறங்கியிருப்பார்கள்.

ஊட்டியில் இன்னொரு வேடிக்கை. எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பினால் பூஸ்ட் ஊசி மைனஸ் 0.2-இல் போய் நின்றது. மீட்டர் கெட்டுப் போகவில்லை. இந்த சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை. கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே முக்கால் பங்குதான். அங்கே படிக்கும் எந்த எண்ணோடும் 0.2-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மலை இறங்கி நின்றதும் எஞ்சினை எவ்வளவு நேரம் ஐடிலில் விடுவது என்ற பழைய கேள்விக்கும் இனி கடிகாரம் வேண்டாம். ஊசி 200-க்குக் கீழே வந்ததும் அணைக்கிறேன். மெதுவாக வந்து நிறுத்தினால் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல்காரர்கள் இதைப் படித்துவிட்டு ட்ரில்லை எடுக்க வேண்டாம். துகள் வடிகட்டி உள்ள அந்த வண்டிகளில் எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார்களை கம்பெனியே வைத்து அனுப்புகிறது. நல்ல ஸ்கேனரில் அந்த எண்கள் வந்துவிடும். ஆனால் அந்த வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அங்கே சூடு தானாகவே 600 டிகிரி வாக்கில் ஏறும். அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்துப் பதறி வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிடாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள்.