எட்வேர்ட் லியரின் விலங்குப் பாடல்கள்: சொல்லும் சித்திரமும்

சிறுவர்க்கான விலங்குப் பாடல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு நிலைகளுள் ஒன்றினை மேற்கொள்கின்றனர். பாடல் புகட்டும் நீதி யாது என வினவுவது ஒன்று. நீதி எதுவும் காணப்படாதவிடத்து, அதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது மற்றையது. இவ்விரு அளவுகோல்களுக்கும் அடங்காதவர் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான எட்வேர்ட் லியர் (1812-1888).

லியர் நகைச்சுவையாளராகத் தமது வாழ்வைத் தொடங்கியவரல்லர். இருபது வயதளவிலேயே கிளியினங்கள் பற்றிய 42 கல்லச்சுப் படங்களை வெளியிட்டவர் அவர் (1830-1832). பாடஞ்செய்த பறவையுடல்களைப் பார்த்து வரைவதே பெருவழக்காயிருந்த அக்காலத்தில், இயன்றவரை உயிருள்ள பறவைகளையே அவதானித்து வரைந்தார். பின்னர் நோஸ்லி மாளிகையில் டார்பிப் பிரபுவின் விலங்குகளையும் பறவைகளையும் வரையும் பணியில் அமர்ந்தபோது, அங்கிருந்த சிறுவர்களை மகிழ்விக்கப் பாடல்களும் படங்களும் புனைந்தார். 1846இல் வெளிவந்த 'எ புக் ஒவ் நொன்சென்ஸ்' என்னும் நூலுக்கு வித்திட்டவை இவையே. எனவே, அவரது நகைச்சுவை விலங்குகளை அறியாமையிலிருந்து பிறந்ததன்று. மிக நுணுக்கமாக அறிந்தமையிலிருந்து பிறந்ததாகும்.

அவரது குறும்பாடல்களின் இறுதியடி, பெரும்பாலும் முதலடியின் ஈற்றுச் சொல்லுக்கே மீள்கின்றது. பாடல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட, அதற்கு இயக்கம் கொடுப்பது சித்திரமே. தாடியிற் பறவைகள் கூடுகட்டியதாக முறையிடும் கிழவரின் பாடல் இதற்குத் தக்க சான்று. முறையீடு சொல்லில் மட்டுமே உள்ளது. படத்திலோ தாடி பறவைகளின் உறைவிடமாகவே விரிந்து கிடக்கின்றது.

வைற்ஹேவன் கிழவர் பற்றிய பாடல் இதனினும் ஆழமானது. அவர் ஓர் அண்டங்காக்கையுடன் நடனமாடுகின்றார். அப்பறவைக்கு இடங்கொடுப்பது தகாதென 'அவர்கள்' கூறி, கிழவரை அடித்து நொறுக்கிவிடுகின்றனர். பாடல் அவ்வாறு முடிகின்றது. ஆனால் லியர் அக்கொடுமையை வரையவில்லை, நடனத்தையே வரைந்துள்ளார். பறவையும் மனிதரும் ஒருவரையொருவர் நோக்கி ஆடிக்கொண்டேயிருக்கின்றனர். 'அவர்கள்' வழங்கிய தீர்ப்பினைச் சொல் அறிவிக்க, சித்திரம் அதனை ஏற்க மறுக்கின்றது.

இந்த 'அவர்கள்' யாவர் என்னும் வினாவை அல்டஸ் ஹக்ஸ்லி எழுப்பினார். ஜோர்ஜ் ஓர்வெலும் 1945இல் அதனை எடுத்துரைத்தார். தம்மினின்றும் வேறுபட்டவனைப் பொறுக்காத ஊராரின் குரலே அது. அக்குரலின் சமூக அடிப்படையை லியர் ஆராயவில்லை என்பது உண்மையே; 'அவர்கள்' பெயரற்ற கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர். எனினும், ஊர் ஒதுக்கிய ஒருவனுக்குப் பறவையொன்று துணையாவதைச் சிறுவர் கண்முன் நிறுத்தியமை எளிய செயலன்று.

இப்பாடல்களைப் படமின்றி அச்சிடுவதன் தீங்கு இங்குதான் தெளிவாகின்றது. படம் நீங்கியதும் நடனம் நீங்கிவிடுகின்றது. எஞ்சுவது தண்டனை மட்டுமே. சித்திரத்தைப் பாடலின் அணியாக அன்றி அதன் பாதியாகக் கொள்ளும் திறனாய்வே சிறுவர் கவிதைக்கு நீதி செய்வதாகும். நீதி எங்கேயென வினவுவோர் தேடவேண்டிய இடமும் அச்சித்திரமே.