கழற்றி எறியப்படும் வால்வு

ஆவடி செக்போஸ்ட் பக்கம் ஒரு பழைய மாருதி 800 ஹீட் ஆகி நின்றால், பல மெக்கானிக்குகள் முதலில் கை வைப்பது தெர்மோஸ்டாட் வால்வில்தான். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவார்கள். வண்டியும் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

இதை அறியாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. தண்ணீர் 82 டிகிரி வாக்கில் சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து ரேடியேட்டருக்கு வழி திறக்கும். துருத்தண்ணீரில் பல வருஷம் ஊறிய வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டால், சூடு போக்கிடம் இல்லாமல் ஏறி அலுமினிய ஹெட் வளைந்துவிடும். குழந்தை குட்டியோடு சி.டி.எச். ரோட்டில் நிற்பவருக்கு, அந்த நேரத்தில் வால்வைக் கழற்றுவதுதான் சரியான முதலுதவி.

முதலுதவியையே வைத்தியம் என்று விட்டுவிடுவதுதான் கோளாறு. நல்ல வால்வு 95 டிகிரிக்குள் முழுசாகத் திறந்துவிடும். முழுசாகத் திறந்த வால்வும் வால்வே இல்லாததும் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குமேலும் டெம்பரேச்சர் முள் ஏறினால் வால்வு திறந்ததா என்று பார்க்க வேண்டும். திறந்திருந்தால் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான்.

என் 1998 மாடல் வண்டியில் அப்படித்தான் ஆயிற்று. வால்வைக் கழற்றிப்போட்ட மூன்றாம் வாரம் பூந்தமல்லி சிக்னலில் முள் மறுபடி சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கை உருக்கிப் பிரித்தார்கள். குழாய் வாய்களில் பாதிக்குமேல் வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினேன், சுவரில் அடித்த பழைய சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அத்தனையும் வருஷக்கணக்கில் நான் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு. கூலன்ட் விலைக்கு அஞ்சிச் சேர்த்த வினை.

"நம்ம ஊரு வெயில்" என்ற வாதமும் நிற்காது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் நின்ற வண்டிக்குக்கூட 82-ஐத் தொட இன்னும் 37 டிகிரி பாக்கி. வால்வு இல்லாத வண்டியை வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பாருங்கள், முள் கீழேயே கிடக்கும். பார்க்க நிம்மதியாக இருக்கும். உள்ளே பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டிருக்கும், மைலேஜ் விழும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியென்றால், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அதன் கம்ப்யூட்டரே கூடுதல் பெட்ரோல் ஊற்றும்.

இன்னொரு வழக்கமான வைத்தியம், ரேடியேட்டர் ஃபேனை எப்போதும் ஓடும்படி டைரக்ட் செய்வது. அதை இவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். ரிலே வைத்துச் செய்தால் நெரிசலில் உயிர் காக்கும். மோட்டார் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடியை யாரும் சீந்தாததுதான் எனக்கு வருத்தம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையை 118 டிகிரி வரை தள்ளிவைக்கும். ரப்பர் தேய்ந்தால் நூறிலேயே கொதித்துவிடும். பாடியில் ஆலை வைத்திருக்கும் சுந்தரம் பாஸ்டனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கே இந்த மூடியைச் செய்து அனுப்பிய நிறுவனம். அதே வட்டாரத்தில் மூடியைச் சோதிக்காமல் ஹெட்டைப் பிரிக்கிறோம்.

என் வண்டியைப் பார்த்த பட்டாபிராம் மெக்கானிக் பெரியவர் ஒருவர் முதலில் கேட்டது, "நிக்கும்போது ஹீட் ஆவுதா, ஓடும்போதா?" நிற்கும்போது என்றால் ஃபேன், வேகத்தில் என்றால் ரேடியேட்டர், இரண்டிலும் என்றால் மூடி, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்று போகும் அவர் கணக்கு. பிறகு நான் வாங்கிவந்த புது வால்வை நூலில் கட்டி, டீ போடும் சட்டியில் கொதிக்கும் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்து, அது திரும்ப மூடும்வரை கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.