கடலடியில் கிடந்த கர்டர்கள்

ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் என்றாலே எல்லோரும் டெல்லி மெட்ரோவுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் நாட்களைக் காட்டும்படி சைட்டில் மாட்டினாரே, அந்தத் தலைகீழ்க் கடிகாரத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் பாம்பன் கடல் ரயில்பாலம் போதும். அதிலும் அந்த 46 நாள்.

1964 டிசம்பர் புயலில் அந்தப் பாலத்தின் 120-க்கும் மேற்பட்ட கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போனது. தூண்கள் ஏறக்குறைய எல்லாம் தப்பின. ஷெர்சர் தூக்குப்பாலமும் தப்பியது. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்றாக்கினார். 32 வயது ஸ்ரீதரன் ஒன்றரை மாதத்தில் ரயிலை ஓட விட்டார்.

அந்த வேகத்தைப் புகழ்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் ரசிப்பது அதற்கு முந்தைய ஒரு கட்டத்தை. வேறு இடங்களிலிருந்து கர்டர்களைத் திரட்டிக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் ஒரு மீனவர், போன கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன என்கிறார். அதைக் கேட்ட ஸ்ரீதரன் போய்ப் பார்த்தார். போட்டு வைத்த திட்டத்தைக் கூச்சமில்லாமல் மாற்றினார். கிடந்தவற்றைத் தூக்கி, பழைய தூண்களின் மேலேயே திரும்ப வைத்தார்கள். தான் போட்ட திட்டத்தின் மேல் மோகம் இல்லாத எஞ்சினியரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்றைக்கென்றால் அந்த மீனவரைக் கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்தியிருப்பார். தப்பித் தவறி உள்ளே விட்டாலும், இரும்பை மீட்கத் தனி டெண்டர், அதன்மேல் ஓர் ஆடிட் ஆட்சேபணை.

ஸ்ரீதரனின் வேலைகளில் கொங்கண் ரயில்வேதான் உச்சம் என்பார் நண்பர் ஒருவர். 740 கிலோமீட்டர், தொண்ணூறுக்கும் மேல் சுரங்கங்கள், தோண்டத் தோண்டச் சரிந்த பெர்னெம் சுரங்க மண், 1998-இல் முழுப்பாதை. மறுக்க முடியாதுதான். நாலு மணி நேரக் கச்சேரியை நான் குறை சொல்லவில்லை. சின்னதாக ஓர் ஆலாபனையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது என்கிறேன்.

பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது பெட்டி முழுக்கக் கடலைப் பார்க்கும். நான் குனிந்து கர்டரைப் பார்ப்பேன், எது மூழ்கி வந்ததென்று கண்டுபிடிக்க வழியில்லை என்று தெரிந்தும். 2022 கடைசியில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025-இல் திறந்த புதுப்பாலம் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. அழகுதான், ஆனால் அதில் எனக்குத் தேட ஒன்றுமில்லை.

கடிகாரத்தை எல்லோரும் காப்பியடித்தார்கள். மீனவர் பேச்சைக் கேட்ட காதை யாரும் காப்பியடிக்கவில்லை. எங்கள் பக்கத்து மேம்பால வேலையில், முடியும் தேதி எழுதிய பலகையில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டே போகிறார்கள். அங்கிருந்த இளம் எஞ்சினியரிடம் பேச்சுக் கொடுத்தேன். “பாதி நாள் மேலே போட்டோ அனுப்பறதுலயே போயிடுது சார்” என்றார். கம்பி கட்டுகிறவர்களிடம் பேசுவதுண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் காண்ட்ராக்டர் பாத்துப்பார்.”