நீரும் படைப்பும்

பண்டை மக்களின் படைப்புக் கதைகளை ஒப்பிடுவோர், ஆதியில் எங்கும் நீரே இருந்தது என்னும் ஒற்றுமையைக் கண்டதும் நின்றுவிடுகின்றனர். நம் மாணவர் கட்டுரைகளிலும் இதுவே வழக்கம். ஒப்பாய்வு தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

பாபிலோனியரின் ‘எனூமா எலிஷ்’ ஏழு களிமண் பலகைகளில் அமைந்தது. நினிவே இடிபாடுகளிற் கிடைத்த அதன் பகுதிகளை ஜார்ஜ் ஸ்மித் 1876-இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதில் கடலன்னை தியாமத்தை மர்துக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானாக்குகின்றான். கொலையுண்ட கிங்குவின் குருதியிலிருந்து மனிதன் தோன்றுகின்றான். எதற்காக? தேவர்களின் உழைப்புச் சுமையைத் தான் ஏற்பதற்காக! கோயிலுக்கும் அரசுக்கும் பாடுபட்ட மக்களின் வாழ்வே இங்குக் கதையாயிற்று என்பது என் துணிபு.

விவிலியத்தின் தொடக்க நூலிலும் ஆழ்நீர் உண்டு, ஆயின் போரில்லை. சொல்லே படைக்கின்றது. மனிதன் இறைச்சாயலில் உருவாகி, உயிரினங்களை ஆளும் பொறுப்பையும் பெறுகின்றான். முன்னதன் வழிவந்ததே பின்னது என்று முடித்துவிடுவோர் இவ்வேறுபாட்டை எங்ஙனம் விளக்குவர்?

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 129-ஆம் பாடலோ இன்னும் விந்தையானது. நீரையும் இருளையும் ஏழே செய்யுள்களிற் பாடிவந்து, மேலிருந்து காப்பவனே படைப்பின் தோற்றத்தை அறியாதிருக்கக்கூடும் என்னும் ஐயத்தோடு அது நின்றுவிடுகின்றது.